ரேகன்ஸ்பர்க்: டான்யூப் கரை நகரத்தை நிதானமாகப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஜெர்மனியின் ஆற்றங்கரை நகரங்களைப் பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் ரைன் கரையிலுள்ள கொலோனையோ நெக்கார் கரையிலுள்ள ஹைடல்பெர்கையோ தேர்ந்தெடுக்கிறார்கள். பவேரியா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், டான்யூப் ஆறு தன் நெடும்போக்கில் வடக்கே எட்டும் கடைசி முனையில் அமைந்திருக்கும் ரேகன்ஸ்பர்க், மியூனிக்கிலிருந்து அரைநாளில் போய்வரும் ஊராகவோ, ஆற்றுக் கப்பலில் வருவோர் சில மணி நேரம் இறங்கி ஏறும் துறையாகவோதான் பயணத் திட்டங்களில் இடம்பெறுகிறது. இடைக்கால நகரம் ஒன்றை, போருக்குப் பின் மறுபடி எழுப்பிய உருவில் அல்லாமல், அன்று கட்டிய சுவர்களோடேயே பார்க்க விரும்புவோர் இந்த ஊருக்கு ஒரு முழு நாளையும் ஓர் இரவையுமாவது ஒதுக்க வேண்டும். சுற்றுப்புறத்தையும் சேர்த்துக்கொள்வதானால் இரண்டு இரவுகள் தேவைப்படும்.

இந்த நகரம் இவ்வளவு முழுமையாக எஞ்சியதற்கு அதன் செல்வத்தைப் போலவே அதன் வறுமையும் காரணம். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வெனிஸ் நகரத்தோடும் கிழக்கு ஐரோப்பாவோடும் நடந்த வணிகத்தால் இங்குள்ள வணிகர்கள் பெரும்பணம் சேர்த்து, கல் மாளிகைகளையும் கோபுரங்களையும் எழுப்பினார்கள். பின்னர் நியூரம்பெர்கும் ஆக்ஸ்பெர்கும் அந்த வணிகத்தைக் கைப்பற்றிக்கொண்டபோது, பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதிய பாணியில் கட்டுவதற்கு இங்கே பணம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் புறநகரிலிருந்த விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு உள்ளானபோதும் பழைய நகரம் பெரிய சேதமின்றித் தப்பியது. ஏறத்தாழ ஆயிரம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களைக் கொண்ட அந்தப் பழைய நகரமும், ஆற்றுக்கு அப்பாலுள்ள ஷ்டாட்டாம்ஹோஃப் பகுதியும் 2006-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

எப்போது, எப்படிச் செல்வது

மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள் வசதியானவை. நவம்பர் தொடங்கிவிட்டால் ஆற்றிலிருந்து எழும் மூடுபனி நகரத்தை நாள் முழுவதும் மறைத்திருப்பது வழக்கம் என்பதால், கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காகவே வருவோரைத் தவிர மற்றவர்கள் அந்தக் காலத்தைத் தவிர்க்கலாம். படகுகளும் ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் ஓடும். இந்தியா, இலங்கை கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

மியூனிக் நகரிலிருந்து வட்டார ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலும், நியூரம்பெர்கிலிருந்து ஒரு மணி நேரத்திலும் ரேகன்ஸ்பர்கை அடையலாம். மியூனிக் விமான நிலையத்திலிருந்தே ஃப்ரைசிங், லாண்ட்ஸ்ஹூட் வழியாக நேரடி ரயில் இருப்பதால், விமானத்தில் வந்து இறங்குவோர் மியூனிக் நகருக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. இந்த வசதியைப் பலர் அறியாமல் நகருக்குள் சென்று ஒன்றிரண்டு மணி நேரத்தை வீணாக்குகிறார்கள். ஐந்து பேர் வரை சேர்ந்து பயன்படுத்தக்கூடிய பேயர்ன் டிக்கெட் என்னும் ஒருநாள் பயணச்சீட்டு குடும்பமாக வருவோருக்கு மிகவும் சிக்கனமானது. ஆனால் அது வட்டார ரயில்களில் மட்டுமே செல்லும், வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லுபடியாகும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அதை வைத்துக்கொண்டு அதிவிரைவு ரயிலில் ஏறிவிட்டால் அபராதம் கட்ட நேரிடும்.

ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரம் பத்துப் பதினைந்து நிமிட நடைத் தொலைவில் உள்ளது. வழியில் குறுக்கிடும் பசுமைப் பட்டையான பூங்காவில், வானியலாளர் யோகானஸ் கெப்லருக்கு 1808-இல் எழுப்பிய வட்ட வடிவ நினைவு மண்டபம் இருக்கிறது. தனக்கு வரவேண்டிய ஊதிய நிலுவையைக் கேட்டுப் பெறுவதற்காக இந்நகருக்கு வந்த கெப்லர், நோயுற்று 1630 நவம்பர் 15 அன்று இங்கேயே இறந்தார். சில ஆண்டுகளில் முப்பதாண்டுப் போரின்போது அவரைப் புதைத்த இடுகாடே அழிந்துபோனதால், அவருடைய கல்லறை இன்று எங்குமில்லை.

முதலில் உறுதிசெய்ய வேண்டியவை

ரேகன்ஸ்பர்கில் நாளைத் திட்டமிடுவதற்கு ஓர் எளிய வழி உண்டு. பாலம், தெருக்கள், கோபுரங்கள் ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும், பேராலயத்தை அது திறந்திருக்கும் நேரத்தில், கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் புனித ரோமப் பேரரசின் மன்றம் கூடிய, பழைய நகர மன்றத்தின் பேரரசு மண்டபம், நாய்ஃபார் சதுக்கத்தின் நிலத்தடி அகழாய்வுக் கூடம், அஞ்சல் பணியை நடத்திவந்த தூர்ன் உண்ட் தக்ஸிஸ் பிரபுக் குடும்பத்தின் அரண்மனை ஆகிய மூன்றுக்குள்ளும் வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில்தான் செல்ல முடியும். ஆங்கிலத்தில் நடக்கும் சுற்றுகள் ஜெர்மன் மொழிச் சுற்றுகளைவிடக் குறைவு. ஆகவே வந்த உடனேயே, அல்லது முடிந்தால் வருவதற்கு முன்பே இணையத்தில், இந்த மூன்றில் விரும்பியவற்றின் நேரத்தை உறுதிசெய்துகொண்டு மற்ற இடங்களை அந்த நேரங்களுக்கு இடையில் பொருத்திக்கொள்வதே நல்லது. நகரச் சுற்றுலா அலுவலகம் பழைய நகர மன்றக் கட்டடத்திலேயே இருக்கிறது. மூன்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் பேரரசு மண்டபத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. அரண்மனைகளை ஐரோப்பாவில் வேறு பல ஊர்களில் பார்க்க முடியும்.

கல்பாலத்திலிருந்து தொடங்குதல்

நகரத்தின் வரலாற்றுக்குத் திறவுகோல் டான்யூபின் மேலுள்ள கல்பாலம்தான். 1135-ஆம் ஆண்டின் கடுங்கோடையில் ஆற்றில் நீர் மிகவும் வற்றியிருந்ததைப் பயன்படுத்திக்கொண்டு தொடங்கிய கட்டுமானம் 1146-இல் முடிந்தது. ஆற்றின் அடியில் தூண்களுக்கு அடித்தளம் இடுவதே இத்தகைய பணியில் மிகக் கடினமானது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த வறட்சி எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பது விளங்கும். 300 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள பாலத்துக்கு 16 வளைவுகள் இருந்தன. அவற்றில் 15 இன்று கண்ணுக்குத் தெரிகின்றன. கட்டி முடித்த மறு ஆண்டே, 1147-இல், இரண்டாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட படைகள் இங்கிருந்து கிளம்பின. 1189-இல் மூன்றாம் சிலுவைப் போருக்குப் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசாவும் இந்நகரிலிருந்தே புறப்பட்டார். 20-ஆம் நூற்றாண்டின் முப்பதுகள் வரை நகரத்துக்கு டான்யூபின் மேல் இருந்த பெரிய பாலம் இது ஒன்றே. 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மன் படையினர் வெடிவைத்துத் தகர்த்த பகுதியைச் சீர்செய்து முடிக்க 1967 வரை ஆயிற்று. இப்போது நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் மட்டுமே அனுமதி உண்டு.

பாலத்துக்குக் காலை எட்டு மணிக்கு முன்பும், கப்பல் பயணிகள் திரும்பிச் சென்ற மாலை வேளையிலும் என இருமுறை செல்வது நல்லது. நகரம் ஆற்றின் தென்கரையில் இருப்பதால், நண்பகலில் பாலத்தின் மேல் நின்று எடுக்கும் படங்களில் வெயில் எதிரே விழுந்து பேராலயக் கோபுரங்கள் கருநிழலாகத்தான் பதியும். பாலத்தின் நடுவே, கூரை வடிவக் கல்லின் மேல் அமர்ந்து கையால் கண்ணை மறைத்துப் பேராலயப் பக்கம் உற்றுநோக்கும் சிறு மனிதச் சிலை ஒன்று உண்டு. பாலம் கட்டியவனும் பேராலயம் கட்டியவனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் வைத்ததாகவும், பாலம் கட்டியவன் முதலில் கடக்கும் உயிர்களைத் தருவதாகச் சாத்தானுக்கு வாக்களித்துவிட்டுச் சேவலையும் கோழியையும் நாயையும் அனுப்பி ஏமாற்றியதாகவும் ஊர்க்கதை சொல்கிறது. இன்று நிற்கும் பேராலயம் பாலம் முடிந்து நூற்றாண்டுக்கு மேலான பிறகே தொடங்கப்பட்டது என்ற உண்மை இந்தக் கதையை யாரும் சொல்லாமல் இருக்கச் செய்யவில்லை.

பாலத்தின் மறுமுனையிலுள்ள ஷ்டாட்டாம்ஹோஃப் வரை கட்டாயம் நடந்து செல்ல வேண்டும். கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் பாலத்தின் நடுவிலேயே திரும்பிவிடுகிறார்கள். ரேகன்ஸ்பர்க் 1245 முதல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாக இருந்தது. 1542-இல் சீர்திருத்தச் (புரோட்டஸ்டன்ட்) சபையைத் தழுவிக்கொண்டது. எதிர்க்கரையோ பவேரிய ஆட்சியாளர்களுக்கு உட்பட்ட கத்தோலிக்க ஊர். அதாவது ஆற்றைக் கடப்பது என்பது ஒரு நாட்டின் எல்லையைக் கடப்பதாகவே இருந்தது. 1809-இல் நெப்போலியனின் படைகளுக்கும் ஆஸ்திரியர்களுக்கும் நடந்த சண்டையில் ஷ்டாட்டாம்ஹோஃப் எரிந்து மீண்டும் கட்டப்பட்டதால் அதன் வீடுகள் தென்கரையின் வீடுகளைவிட இளையவை. நெப்போலியனே அந்தச் சண்டையில் காலில் காயம்பட்டார். 1924-இல்தான் இரு ஊர்களும் ஒரே நகராட்சியாயின. மாலையில் இந்தக் கரையிலுள்ள பழைய மருத்துவ அறக்கட்டளையின் பியர் தோட்டத்தில் அமர்ந்தால் ஆறும் பாலமும் கோபுரங்களும் ஒரே பார்வைக்குள் வரும்.

பாலத்தின் தென்முனையில், உப்புக் கிடங்காக இருந்த உயர்ந்த கூரைக் கட்டடத்தில் உலகப் பாரம்பரிய மையம் இயங்குகிறது. நுழைவு இலவசம். நகரத்தின் மாதிரி உருவத்தை இங்கே பார்த்துவிட்டு உள்ளே நடந்தால் தெருக்களின் அமைப்பு எளிதில் புரியும்.

ரோமானியர் முதல் பேராலயம் வரை

பேராலயத்துக்குப் போகும் முன், அதன் வடபுறத்தில் ஆற்றுக்கு இணையாகச் செல்லும் தெருவில் போர்ட்டா பிரெட்டோரியா என்னும் ரோமானிய வாயிலைப் பார்க்க வேண்டும். பேரரசர் மார்க்கஸ் ஔரேலியஸ் காலத்தில், கி.பி. 179-இல், ஏறத்தாழ ஆறாயிரம் வீரர்கள் தங்கக் கட்டிய கோட்டையின் வடக்கு வாயில் இது. பிற்கால ஆயர் மாளிகையின் சுவருக்குள் மறைந்துகிடந்த இதன் பெரிய கற்கள் 1885-இல் கண்டறியப்பட்டன. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே எஞ்சியுள்ள ரோமானிய வாயில்களுள் ட்ரியர் நகரின் கறுப்பு வாயிலோடு சேர்த்து எண்ணப்படுவது இது. அக்கோட்டையின் சுவரை மேலும் பார்க்க விரும்புவோர் தாக்கௌ சதுக்கத்திலுள்ள வாகன நிறுத்தக் கட்டடத்துக்குள் செல்லலாம். கட்டுமானத்தின்போது வெளிப்பட்ட சுவரை அப்படியே விட்டு, அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். கார்களுக்கு நடுவே ரோமானியச் சுவரைக் கட்டணமில்லாமல் பார்க்கும் இந்த வாய்ப்பைத் தவறவிட வேண்டாம்.

புனித பேதுரு பேராலயம் 1273-இல் நிகழ்ந்த தீவிபத்துக்குப் பின் பிரெஞ்சு கோதிக் பாணியில் தொடங்கப்பட்டது. இரு கோபுரங்களும் பவேரிய மன்னர் முதலாம் லுட்விக்கின் ஆதரவில் 19-ஆம் நூற்றாண்டில்தான் நிறைவடைந்து, 105 மீட்டர் உயரத்தை எட்டின. நுழைவுக்குக் கட்டணம் இல்லை. உள்ளே வெளிச்சம் குறைவாக இருப்பதால் கண் பழகும் வரை சிறிது நேரம் நின்றுவிட்டுப் பிறகு நடக்க வேண்டும். 13, 14-ஆம் நூற்றாண்டுகளின் வண்ணக் கண்ணாடிகள் அந்த இருளில்தான் முழுமையாகத் துலங்குகின்றன. நடுக்கூடத்தின் மேற்குத் தூண்களில், மரியாளுக்குச் செய்தி சொல்லும் வானதூதர் வாய்விட்டுச் சிரித்தபடி நிற்பதை அவசியம் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 1280-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தச் சிற்பத்தின் சிரிப்பு, கோயில் சிற்பங்களில் நாம் எதிர்பார்க்கும் அமைதிக்கு முற்றிலும் மாறானது. வடபுறச் சுவரையொட்டி இருக்கும் பெரிய ஆர்கன் இசைக்கருவி தரையைத் தொடாமல் நான்கு எஃகு வடங்களில் தொங்குகிறது. வாசிப்பவர் மின்தூக்கியில்தான் மேலே செல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கியிருப்போர் காலை 10 மணி வழிபாட்டுக்குச் செல்லலாம். கி.பி. 975-இல் ஆயர் வோல்ஃப்காங் தொடங்கிய பேராலயப் பள்ளி மரபில் வரும் சிறுவர் பாடகர் குழு, பள்ளி விடுமுறைக் காலங்கள் தவிர, அப்போது பாடும். அது இசை நிகழ்ச்சி அன்று, வழிபாடு என்பதால் முன்னதாகவே வந்து அமர வேண்டும். இடையில் எழுந்து நடப்பதும் படம் எடுப்பதும் கூடாது.

பேராலயத்தின் தென்புற வெளிச்சுவரில், யூதர்களைப் பன்றியோடு சேர்த்து இழிவுபடுத்தும் இடைக்காலச் சிற்பம் ஒன்று உள்ளது. அருகே விளக்கப் பலகையும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, சில நிமிட நடையிலுள்ள நாய்ஃபார் சதுக்கத்துக்குச் செல்வது பொருத்தமாக இருக்கும். அந்தச் சதுக்கம் இருக்குமிடத்தில்தான் யூதர் குடியிருப்பு இருந்தது. 1519 ஜனவரியில் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் இறந்ததும், யூதர்களுக்குப் பாதுகாப்பளிக்க ஒருவர் இல்லாத அந்த இடைவெளியில், நகர மன்றம் அவர்களை வெளியேற்றித் தொழுகைக் கூடத்தை இடித்துத் தள்ளியது. இடிப்பதற்குச் சற்று முன் அக்கூடத்தின் உட்புறத்தை வரைந்து உலோகத்தகட்டில் பொறித்தவர், நகர மன்ற உறுப்பினராகவும் இருந்த ஓவியர் ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர். அதே இடத்தில் மரியாளுக்கு ஒரு கோயில் எழுந்து பெருந்திரளான யாத்திரிகர்களை ஈர்த்தது. நகரம் சீர்திருத்தச் சபையைத் தழுவிய பின் அதுவே அச்சபையின் ஆலயமாயிற்று. 1990-களின் அகழாய்வில் வீடுகளின் நிலவறைகளும் தங்க நாணயப் புதையல் ஒன்றும் கிடைத்தன. இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான் 2005-இல், பழைய தொழுகைக் கூடத்தின் தரைவரைபடத்தை வெண்ணிறத் தாழ்தளமாக அதே இடத்தில் அமைத்தார். மக்கள் அதன் மேல் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். அது அமர்வதற்காகவே அமைந்தது.

பேரரசு மண்டபமும் கோபுரங்களும்

1663-இல் துருக்கியப் போருக்குப் பணம் திரட்டக் கூடிய புனித ரோமப் பேரரசின் மன்றம் கலையவே இல்லை. 1806-இல் பேரரசே முடியும்வரை இந்த நகரிலேயே தொடர்ந்து அமர்ந்திருந்தது. அது கூடிய மண்டபம் எதிர்பார்ப்பதைவிடச் சிறியது. பேரரசரின் இருக்கை உயர்ந்த மேடையிலும், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஆட்சியாளர்களும் இளவரசர்களும் தத்தம் தகுதிக்கேற்பத் தாழ்ந்த படிகளிலும், நகரங்களின் பிரதிநிதிகள் தரை மட்டத்திலும் அமர வேண்டியிருந்ததால், பேரரசின் அதிகார அடுக்கு முழுவதையும் படிகளை எண்ணியே அறியலாம். அதே சுற்றில் கீழே விசாரணைச் சித்திரவதை அறையையும் காட்டுவார்கள். சிறு குழந்தைகளோடு வருபவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் வாலன் தெருவில் சுமார் 50 மீட்டர் உயரமுள்ள தங்கக் கோபுரத்தையும், வாட்மார்க்ட் பகுதியிலுள்ள பௌம்பர்க் கோபுரத்தையும் பார்க்கலாம். வணிகக் குடும்பங்கள் இத்தாலிய நகரங்களைப் பார்த்துப் பெருமைக்காகக் கட்டிய இவற்றின் மேல்தளங்கள் பலவற்றில் யாரும் வசித்ததே இல்லை. அருகில் கோலியாத் மாளிகையின் சுவரை முழுவதும் நிறைக்கும் தாவீது, கோலியாத் ஓவியம் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பின்னர் பலமுறை மறுவண்ணம் பூசப்பட்டது. நேரம் இருந்தால் நகரின் மேற்கேயுள்ள புனித யாக்கோபு ஆலயம் வரை சென்று, அயர்லாந்துத் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டில் செதுக்குவித்த வடக்கு வாயிலைக் காணலாம். தெற்கேயுள்ள புனித எம்மெராம் ஆலயத்தின் பரோக் உட்புறமும் பார்க்கத் தக்கது. அதையொட்டிய மடம்தான், அஞ்சல் உரிமையை இழந்ததற்கு ஈடாக தூர்ன் உண்ட் தக்ஸிஸ் குடும்பத்துக்குக் கிடைத்து அரண்மனையாயிற்று.

உணவு

பாலத்தின் அடியிலுள்ள பழமையான சாசேஜ் கடையில், கரி அடுப்பில் சுட்ட சிறு பன்றியிறைச்சி சாசேஜ்களைப் புளிக்கவைத்த முட்டைக்கோஸோடும் இனிப்புக் கடுகுச் சாந்தோடும் தருகிறார்கள். 6, 8, 10 என்ற எண்ணிக்கையில் கேட்க வேண்டும். மதிய வேளையில் இடம் கிடைப்பது கடினம். முற்பகல் பதினொரு மணிக்குள் செல்வது உத்தமம். கடையின் சுவரில் பொறித்துள்ள வெள்ள அளவுக் குறிகள் டான்யூபின் மறுமுகத்தைக் காட்டும். சைவ உணவு உண்பவர்கள் சீஸ் சேர்த்த ஸ்பெட்ஸ்லே என்னும் வேகவைத்த மாவுத் துண்டுகள், ப்ரெட்ஸல் என்னும் முடிச்சு வடிவ ரொட்டி, காளான் குழம்போடு வரும் ரொட்டி உருண்டை ஆகியவற்றைக் கேட்கலாம். ஸ்பெட்ஸ்லே மாவில் முட்டை உண்டு. சூப்புகள் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்யப்படுபவை என்பதால் கேட்டுத் தெளிந்த பின்பே வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும். தேவையான பொருட்களைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். சில சிறு உணவகங்கள் இன்னும் ரொக்கம் மட்டுமே பெறுகின்றன.

இரண்டாம் நாள்: வால்ஹாலாவா, வெல்டன்பர்கா

நகருக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில், டோனாஸ்டௌஃப் அருகே ஆற்றின் மேல் நிற்கிறது வால்ஹாலா. மன்னர் முதலாம் லுட்விக்குக்காக லேயோ ஃபான் க்ளென்ட்ஸே ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலை மாதிரியாகக் கொண்டு வடிவமைக்க, 1830 முதல் 1842 வரை கட்டப்பட்ட இந்தப் பளிங்கு மண்டபத்தில் ஜெர்மன் மொழிப் பண்பாட்டோடு தொடர்புடைய பெருமக்களின் மார்பளவுச் சிலைகள் உள்ளன. ஐன்ஸ்டைன் 1990-இலும், ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து உயிரிழந்த ஸோஃபி ஷோல் 2003-இலும், கவிஞர் ஹைன்ரிக் ஹைனே 2010-இலும் சேர்க்கப்பட்டார்கள். படகில் சென்றால் கரையிலிருந்து 350-க்கும் மேற்பட்ட படிகளை ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் பேருந்திலோ காரிலோ மேற்புறம் வரை சென்றுவிடலாம்.

வெல்டன்பர்க் மடத்துக்கு நாள் முழுவதும் தேவை. ரயிலில் ஸால் வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் கெல்ஹைம் சேர்ந்து, படகில் ஏற வேண்டும். டான்யூப் சுண்ணாம்புப் பாறைகளைக் குடைந்துகொண்டு செல்லும் குறுகிய பள்ளத்தாக்கின் வழியே படகு எதிரோட்டத்தில் 40 நிமிடம் செல்லும். திரும்பும்போது ஆற்றோட்டத்தோடு 20 நிமிடத்தில் வந்துவிடும். ஆற்றின் வளைவில் நிற்கும் மடத்தின் ஆலயத்தில், பலிபீடத்தின் பின்னிருந்து வரும் மறைந்த ஒளியில் குதிரை மீது நிற்கும் புனித ஜார்ஜின் உருவத்தை பரோக் காலக் கலைஞர்களான அஸாம் சகோதரர்கள் அமைத்திருக்கும் விதத்துக்காகவே இந்தப் பயணத்தை மேற்கொள்ளலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் வெல்டன்பர்கையே சொல்வேன்.

வெள்ளம் வந்தாலும், கோடையில் நீர் மிகவும் குறைந்தாலும் படகுகள் நிறுத்தப்படலாம். புறப்படும் அன்று காலை படகு நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே ரயில் ஏற வேண்டும். படகு இல்லாத நாளில் கெல்ஹைமிலிருந்து விடுதலை மண்டபம் என்னும் நினைவுக் கட்டடம் நிற்கும் குன்றின் வழியாக வெல்டன்பர்கை நோக்கிச் செல்லும் காட்டுப் பாதையில் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மணி நேரம் நடந்தால் மடத்தின் எதிர்க்கரையை அடையலாம். ஆற்றைக் கடக்க அங்கிருந்து சிறு தோணி கிடைக்கும், ஆனால் நீர்மட்டம் சரியாக இல்லாத நாளில் அதுவும் ஓடாது.